கிளிட்டஸ் அண்ணனின் நாலாவது பத்து

கிளிட்டஸ் அண்ணன் ஏசி மெக்கானிக். குழாய்க்குச் சுற்றும் கறுப்பு டேப் எப்போதும் அவர் பையில் கிடக்கும். செருப்பு அறுந்தால் டேப், கரண்டிப் பிடி உடைந்தால் டேப். அவருடைய இரண்டு செருப்பையும் ஒன்றாகச் சேர்த்து அதே டேப்பால் நான் சுற்றிவைத்ததும் உண்டு.

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் குளித்துத் தலைவாரி, போனை அரிசி டின்னில் சாய்த்துவைப்பார். ஊரில் அப்போது ஏழரை. கடியப்பட்டணத்தில் அவர் வீட்டில் ஜெபமாலை தொடங்கும். பத்து 'அருள் நிறைந்த மரியே' சேர்ந்தது ஒரு பத்து. அப்படி ஐந்து பத்துகளை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள், நாலாவது அண்ணனுக்கு. மகள் ஷாஜினிக்கு ஒன்பது வயது. அப்பாவை நேரில் பார்த்தது நாலே லீவில். மற்ற நாளெல்லாம் அவர் அந்த வீட்டில் இருந்தது நாலாவது பத்தில்தான்.

அன்று அவர் குளிக்கப் போனபோது போனை சேஃப் மோடில் போட்டுவிட்டேன். நாமாக இறக்கிய ஆப் எதுவும் அதில் திறக்காது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், ஐந்து நிமிட விளையாட்டு.

"லே பாஸ்கரு, வீடியோ ஆப்பு செத்துக் கெடக்கு. என்னலே இது?"

"போனுக்கு லீவு கெடச்சிருச்சுண்ணே. ஊருக்குப் போயிருச்சு."

வாங்கி அணைத்துப் போட்டேன். மூலையில் மறுபடி சேஃப் மோடு. இன்னொரு முறை. அதே. சிரிப்பு நின்றுபோனது.

என் போனிலிருந்து லிஜி அண்ணியைக் கூப்பிட்டோம். தெரியாத நம்பரை அவர் எடுப்பதில்லை.

"ரெண்டாவது முடிஞ்சிருக்கும்," என்றார் அண்ணன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாந்தாண்ணே செஞ்சேன்."

"செஞ்சவன் நீதானே, நீயே சரியாக்குலே."

அப்போதுதான் கவனித்தேன். திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு அடியில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. காலையில் அண்ணன் ஏணியில் நின்றபோது போன் கீழே விழுந்து அதன் ஓரம் விரிந்திருந்தது. வழக்கம்போல இறுக்கி டேப் சுற்றியிருந்தார். அது சத்தம் குறைக்கும் பட்டனை அமுக்கியே வைத்திருந்தது. அந்தப் பட்டன் அமுங்கியிருக்கப் போனைப் போட்டால் சேஃப் மோடுக்குள்தான் போகும். கத்தியால் டேப்பை அறுத்துவிட்டு மறுபடி அணைத்துப் போட்டேன். ஆப்புகளுக்கு நிறம் வந்தது.

மணி ஆறு இருபத்தைந்து. எல்லாம் முடிந்திருக்கும் நேரம். கூப்பிட்டோம். திரை முழுக்க ஷாஜினி.

"எப்பா, எங்க போனிய? மூணோட நிப்பாட்டி வச்சிருக்கோம். எனக்கு முட்டு வலிக்கி."

அண்ணன் தொண்டையைச் செருமினார். டேப் போனதில் போனின் கண்ணாடி எழும்பி நின்றது.

"முடியிற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சிட்டு நில்லுலே. அதுதான் ஒனக்குத் தண்டன."

நின்றேன். மறுநாளும். புதுப் போன் வாங்கும்வரை இருபது நாள்.

போன வருஷம் அண்ணன் விசா கேன்சல் செய்து ஊருக்கே போய்விட்டார். நான் முனியசாமி கும்பிடுகிறவன். ஆனாலும் ஆறு மணியானால் வாய் அதுபாட்டுக்கு "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிவிடுகிறது. நாலாவது பத்து வந்தால் நிறுத்திக்கொள்வேன். அங்கே அவர் சொல்லிக்கொண்டிருப்பார்.