திரையில் ஏதோ ஒரு ஜோடி நான்

இன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் என்னையே தேடினேன்!

போன வருடம் என் பெருங்குடலிலிருந்து புற்றுநோய்க் கட்டியை எடுத்தார்கள். அதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார்கள். சரி என்றேன். (வீட்டுக்கா கொண்டுபோகப் போகிறேன்!)

இன்று செக்கப். ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது!

அந்தத் தெம்பில் கணவரையும் இழுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே போனேன். "என்னோடத வெச்சு என்ன பண்ணுனீங்கன்னு பாக்கலாமுங்களா?"

ஆராய்ச்சி மாணவி கவிதா, தாராபுரத்துப் பெண். "வாங்கக்கா" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினாள்.

திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். சிவப்பு, நீலம்.

"புரதத்தை வெட்டற என்சைமுக்கு புரோட்டியேஸ்னு பேருங்கக்கா. சோறு செரிக்க, புண்ணு ஆற, எல்லாத்துக்கும் அது வேணும். அதைச் செய்யற குறிப்புதான் ஜீன், எல்லா செல்லுலயும் இருக்குது. எந்த செல்லு அதை எத்தன நகல் எடுக்குதுங்கறதுதான் எடத்துக்கு எடம் மாறும். சிவப்புன்னா நெறைய, நீலம்னா கம்மி."

"கட்டியில எப்படீங்க?"

"சில ஜீனை எக்கச்சக்கமா நகல் எடுக்குது. சிலது ஓஞ்சே போயிருது. கட்டி பரவறதுக்கு வழி வெட்டிக் குடுக்கறதும் இந்த என்சைம்ல சிலதுதானுங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. புண்ணை ஆற்றுவதும் அதே கூட்டமா!

கட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் இரண்டு வரிசை. ஒன்று கட்டி. இன்னொன்று அதற்குச் சற்றுத் தள்ளியிருந்த நல்ல சதை.

நல்ல சதை வரிசைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. கட்டிகளோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை!

"இதுல நான் எதுங்க கண்ணு?"

"எனக்கே தெரியாதுங்கக்கா. பேரெல்லாம் எடுத்துட்டு நம்பர்தான் எங்களுக்குக் குடுப்பாங்க."

ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை பேரும் என்னைப் போலவே அந்த ஆபரேஷன் மேஜையில் படுத்து எழுந்தவர்கள்.

அதுவரை பனியன் ஷிப்மென்ட் விஷயமாகப் போனிலேயே இருந்த என் கணவர் அதை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"ஏனுங்க, இவங்க எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?"

கவிதா சற்றுத் தயங்கினாள். "எல்லாரும் இல்லீங்கண்ணா."



அவர் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் எழுந்தேன்.

ஆராய்ச்சிக்குச் சரி என்ற, பெயர் தெரியாத உங்கள் எல்லோருக்கும், உங்கள் வீட்டாருக்கும், எங்கோ சில வரிசை தள்ளி நிற்கும் இந்தத் திருப்பூர்க்காரியின் நன்றி.