தைத்தவரிடம் செக்கிங் கேட்காதே

வேலாத்தாளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை என்று வேலம்பாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். அது வேலாத்தாளுக்கும் தெரியும். வம்பே அங்கேதான்.

பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள் அவள். தைத்து முடித்த பனியன் கைக்கு வந்தால் முதலில் உள்பக்கம் வெளியே வரப் புரட்டுவாள், அப்புறம்தான் முன்பக்கத்தைப் பார்ப்பாள். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ அவள் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. மடித்த பீஸை மடித்தபடியே யாராவது நீட்டினால் விரலால்கூடத் தொடமாட்டாள். "பிரிச்சுக் குடு கண்ணு. மடிச்சிருந்தா உள்ள என்னமோ இருக்குதுன்னு அர்த்தம்" என்பாள்.

அந்த மேஜைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. தைத்தவரே தான் தைத்ததைப் பார்த்து 'சரி' என்று சொல்லக் கூடாது; வேறொரு கண் பார்க்க வேண்டும். இரண்டாவது, பார்த்தவர் தன் நம்பர் ஸ்டிக்கரைப் பீஸில் ஒட்ட வேண்டும். பின்னால் குறை வெளிப்பட்டால் அந்த நம்பர்க்காரர் எழுந்து நின்று, 'நான்தான் உட்டுட்டேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வேலாத்தாளின் நம்பர் பதினேழு. அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஆனி மாதம், ஆர்டர் படுத்துவிட்டது. கம்பெனி பத்து நாள் லீவு விட்டது. "சும்மா ஊட்டுல உக்காந்து சீரியல் பாக்கறதுக்கு டெல்லி பாத்துட்டு வரலாமுங்க" என்று ஆரம்பித்தவள் அவள்தான். அயர்ன் மேஜையிலிருந்த பீகார்க்காரரிடம் மூன்று வருஷமாகப் பேசிப் பேசி இந்தி ஓரளவு நாக்கில் புரண்டது. இந்த மாதத்தில் டெல்லியில் வெயில் மண்டையைப் பிளக்கும், சுற்றுலாக் கூட்டம் இருக்காது, லாட்ஜில் ரூம் பாதி வாடகைக்குக் கிடைக்கும் என்று அவர்தான் சொன்னார். வெயிலுக்குப் பயந்தா திருப்பூரில் குடியிருக்கிறோம்? மேஜையிலிருந்து ஏழு பெண்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஏழில் இளையவள் நிர்மலா. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். அவளுடைய மாமனார் சாமியப்பன் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏழு பொம்பளைக, ஆம்பளத் தொணை இல்லாம, டெல்லிக்கு? எவனாச்சும் ஏமாத்தி நடுரோட்டுல உட்டுட்டா ஆரு பதில் சொல்றது அம்மிணி?"

"நான் சொல்றனுங்க மாமா" என்றாள் வேலாத்தாள். "சொன்ன நாள்ல, சொன்ன வண்டியில ஏழு பேரையும் கொண்டாந்து எறக்கறேன். ஒரு நாள் தப்புனாலும் சரி, அப்புறம் இந்த மேஜைப் பொம்பளைக பக்கத்துல இருக்கற கொடுமுடிக்குக்கூடப் போவ வேண்டாமுங்க."

அவசரப்பட்டு வாயைக் கொடுத்துவிட்டாள். சாமியப்பன் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த மற்ற வீட்டு ஆண்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆக, ஏழு பேரும் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் டெல்லி மட்டுமல்ல, இனி எந்த ஊரும் இல்லை.

டெல்லியில் முதல் நான்கு நாளும் அவள் ராஜ்ஜியம்தான். கூட்டமில்லாத காலத்தில் ஊர் சுற்றுவது சுகம் என்பார்கள். சுகம்தான், ஆனால் ஒன்றை யாரும் சொல்வதில்லை. கூட்டம் இருந்தால் ஏமாற்றுகிறவனுக்கு ஆயிரம் பேர். கூட்டம் இல்லாவிட்டால் அவன் பசியெல்லாம் நம் ஏழு பேர் மேல்தான். 'கோட்டை இன்னைக்கு லீவு, வேற இடம் காட்டறேன்' என்றான் ஒரு ஆட்டோக்காரன். வேலாத்தாள் கோட்டை வாசல்வரை நடந்து பார்த்தாள். கதவு அகலத் திறந்திருந்தது. 'காஷ்மீர் சால்வை' என்று ஒருவன் மடித்து நீட்டினான். பிரித்து, புரட்டி, நூலை உருவிப் பார்த்து, "இது எங்கூரு லாட்ஜுல போர்வைக்குக்கூட ஆகாதுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். சின்னத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தெற்கே இருந்து பிழைக்க வந்து, அதே மேஜையில் பன்னிரண்டு வருஷமாக நிற்பவள் சின்னத்தாய். "அக்கா கூட வந்தா எமனே ஏமாந்துதான் போவான்" என்றாள்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியது ஊர் திரும்பும் நாளன்று.

வண்டி பதினொன்றரைக்கு. ஒன்பதரைக்கே ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஒருவன் நின்றான். கழுத்தில் அடையாள அட்டை, நீலச் சட்டை, நெஞ்சில் சுற்றுலாத் துறை என்று அச்சு. அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கம்மா, சாப்ட்டீங்களா?" என்று தமிழில் கேட்டான். அவனுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? நாலு நாளாக 'வேண்டாமுங்க' என்று விரட்டிக்கொண்டே வந்தவளுக்கு அந்த ஒரு கேள்வியில் மனசு இளகிவிட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் போகிற வழக்கம் நம் பக்கம் ஏது? நின்றாள். மழையால் தண்டவாளம் போய்விட்டது, அந்த வண்டி இன்றைக்கு இல்லை, ஆபீசுக்கு வந்தால் மாற்று ஏற்பாடு செய்து தருகிறோம் என்று அவன் இந்தியில் சொன்னான். டிக்கெட்டைக் கேட்டான். வேலாத்தாள் அதை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்துக் கொடுத்தாள். கோட்டை வாசல்வரை போய்ப் பார்த்தவளுக்கு ஸ்டேஷனுக்குள் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ஆபீஸ் எதிர்த் தெருவில், மாடியில். நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்தது. ஏழு பேருக்கும் கலர் சோடா பாட்டில் வந்தது, குடித்தார்கள். அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் டிக்கெட்டை டிராயரில் போட்டுவிட்டு ஒரு போன் போட்டான். "ரயில்வேகாரரே பேசறாரு" என்று இந்தியில் சொல்லி அவள் காதில் வைத்தான். வண்டி ரத்து என்றது குரல். வேனில் போபால் போய் அங்கிருந்து வேறு வண்டி பிடிக்கலாம், ஊர் சேர ஐந்து நாளாகும் என்றான் மேஜைக்காரன். நிர்மலாவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"அக்கா, மாமனாரு இனி வாசல்படி தாண்ட உடமாட்டாருங்க" என்றாள்.

சாமியப்பன் முகம் வேலாத்தாளின் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த நேரம் நீலச் சட்டைக்காரன் இன்னொரு பாட்டில் எடுக்க ஐஸ் பெட்டிக்குள் குனிந்தான். சட்டைக் காலர் பின்னால் மடங்கியது. உள்ளே லேபிள் தெரிந்தது. குறுக்கே ஒரு வெட்டு.

அந்த வெட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏற்றுமதிக்குத் தேறாத பீஸை லேபிளைக் கத்தரித்துத்தான் கழித்துக் கட்டுவார்கள். அந்தக் கத்தரியை ஆயிரம் தடவை பிடித்தவள் அவள். மேஜைக்காரன் கழுத்தையும் பார்த்தாள். அதே சட்டை, ஒரு பக்கம் முறுக்கிக்கொண்ட தையல். அரசாங்கம் தன் ஆளுக்கு யூனிபார்ம் கொடுத்தால், கழித்துப்போட்ட சட்டையிலா பெயர் அச்சடித்துக் கொடுக்கும்?

பிறகுதான் மூளை வேலை செய்தது. வண்டி இல்லை என்றதும் இவர்கள். வேன் விற்கிறதும் இவர்கள். போன் போட்டுக் கொடுத்ததும் இவர்கள். தைத்தவனே செக்கிங்கும் பண்ணுகிறான்! இருபத்திரண்டு வருஷம் மேஜையில் நின்றது எதற்கு என்று தன்னையே ஒரு அறை விடலாம் போலிருந்தது. மணி பத்தே முக்கால்.

"எந்திரிங்க" என்றாள் மெதுவாக.

"கலரைக் குடிச்சிட்டமேக்கா" என்று கிசுகிசுத்தாள் சின்னத்தாய். "இப்ப எப்பிடி வெடுக்குன்னு எந்திரிச்சுப் போறது?"

பாருங்கள், வண்டிக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு மரியாதை! ஆனாலும் சின்னத்தாய் கேட்டதில் நியாயம் இருந்தது. வெடுக்கென்று எழுந்தால் டிராயருக்குள் இருக்கும் டிக்கெட் கைக்கு வராது. வேலாத்தாள் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"எங்க கம்பெனிக்காரங்க இன்னும் பதினாறு பேரு ஸ்டேஷன்ல நிக்கறாங்க" என்று இந்தியில் சொன்னாள். "அதே வண்டிதான். அவங்களையும் கூட்டிட்டு வந்துடறோம். பெரிய வேனாப் பாருங்க."

பதினாறு! அந்த மாதத்தில் பதினாறு பேரை மேஜைக்காரன் ஒன்றாகக் கண்ணால் கண்டிருக்கமாட்டான். நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீங்கள் மட்டும் போய்க் கூட்டி வாருங்கள்" என்றான்.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. எல்லாருமாப் போயி டிக்கெட்டைக் காட்டுனாத்தான் வருவாங்க. வேணும்னா இந்தப் பையை வெச்சுட்டுப் போறேன்."

கொண்டுவந்ததில் பெரிய பை அது. புடைத்து, பூட்டுப் போட்டிருந்தது. அவன் பையைப் பார்த்தான், டிக்கெட்டைப் பார்த்தான், பதினாறு பேரை நினைத்தான். டிராயரைத் திறந்தான். வேலாத்தாள் இந்தத் தடவை ஒரே கையால் வாங்கிக்கொண்டாள்.

படியிறங்கும்வரை நடந்தார்கள். தெருவுக்கு வந்ததும் ஓடினார்கள். நேராக விசாரணை ஜன்னல். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிளாட்பாரம் நம்பரைச் சொன்னார். வண்டி அங்கே சாதுவாக நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியதும்தான் நிர்மலாவுக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, உங்க பை?"

"அதுல ஏழு பேரோட அழுக்குத் துணிதான் கண்ணு. அவன் பிரிச்சுப் பாக்கலையே."

பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சின்னத்தாய் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "ஊருல இதைச் சொல்ல வேணாம்க்கா. நேரத்துக்குத்தான் போறமே. நமக்குள்ள இருந்துட்டுப் போகட்டும்."

வேலாத்தாள் நாக்பூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை திருப்பூர் ஸ்டேஷனில் வீட்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் சாமியப்பன். இறங்க இறங்க விரல்விட்டு எண்ணினார். ஏழும் சரியாக இருந்தது.

"ஒரு கொறையும் இல்லீல்ல?" என்றார்.

"இருக்குதுங்க மாமா" என்றாள் வேலாத்தாள். "ஒருத்தன் பேச்சை நம்பி டிக்கெட்டைக் கையில தூக்கிக் குடுத்துட்டேன். வண்டியே தப்பிப் போயிருக்கும். தப்பு என்னோடதுதானுங்க, இந்தப் புள்ளைகளோடது இல்லீங்க." லேபிள் முதல் அழுக்குப் பைவரை ஒன்று விடாமல் சொன்னாள். சின்னத்தாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். நிர்மலா தரையைப் பார்த்தாள்.

மற்றவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். சாமியப்பன் மட்டும் பின்தங்கி வேலாத்தாள் பக்கத்தில் வந்தார்.

"மெட்ராசுல ஸ்டேஷன் வாசல்ல, மூத்த புள்ள கல்யாணத்துக்குன்னு பட்டுச்சேலை ஒரு பொட்டி வாங்குனேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மேல இருந்த ஒண்ணுதான் சேலை. அடியில பூராம் பழைய பேப்பரு. ரயில்ல களவு போச்சுன்னு ஊட்டுல சொன்னேன். இருவது வருஷமாச்சு அம்மிணி. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

வேலாத்தாள் அவர் முகத்தைப் பார்க்காமல் கூடவே நடந்தாள். டெல்லிக்கு இவர் மறித்தது எதனால் என்று இப்போது புரிந்தது. பாவமாக இருந்தது.

படிக்கட்டுக்குக் கீழே அவர் நின்றார். "அடுத்த வருஷம் எங்க போறீங்க?"

"காசிக்குப் போலாம்னு பேச்சுங்க."

"எங்கூட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போங்க." கொஞ்சம் தயங்கினார். "எடம் இருந்தா நானும் வர்றேன்."

"வாங்க மாமா" என்றாள் வேலாத்தாள். "டிக்கெட்டு மட்டும் நிர்மலாகிட்ட இருக்கட்டும். உங்க கையிலயும் வேண்டாம், என் கையிலயும் வேண்டாமுங்க."