லிஃப்ட் அக்காவும் தானாக ஓடாத வீடியோவும்

என் கடை என்று சொன்னால் சிரிப்பீர்கள். எட்டு மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு முக்கோணப் பொந்து. எழுந்து நின்றால் தலை இடிக்கும். அதற்குள் ஒரு மேசை, ஒரு விளக்கு, நான். செத்துப்போன போன்களுக்கு உயிர் கொடுப்பது என் பிழைப்பு. எதிரே நாலு எட்டு வைத்தால் லிஃப்ட். அதற்குள் ஒரு முக்காலி, அதன்மேல் லிஃப்ட் அக்கா.

லிஃப்டுக்கு ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் லிஃப்டைப் பார்த்ததில்லை. கம்பிக் கதவு இரண்டு உண்டு. இரண்டையும் ஒழுங்காக இழுத்துச் சாத்தாவிட்டால் நகராது. ஏற்றவும் இறக்கவும் பித்தளைக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் தரைக்கு ஒரு சாண் கீழே போய் நின்று, இறங்குகிறவர் காலைத் தடுக்கும். அக்கா நிறுத்தினால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். அவள் வீட்டுக்காரர்தான் முதலில் இதை ஓட்டினார். அவர் திடீரென்று போய்ச் சேர்ந்ததும் முக்காலி அக்காவுக்கு வந்தது. பெண்பிள்ளை ஓட்டுகிற லிஃப்டில் ஏற மாட்டேன் என்று மூன்றாம் மாடி வக்கீல் வீம்புக்குப் படியேறிப் போனாராம். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அவருக்கே புத்தி வந்தது.

அப்போது மகன் கைக்குழந்தை. வீட்டில் விட ஆள் இல்லை. லிஃப்டின் மூலையில் போர்வையை விரித்துப் போட்டு வளர்த்தாள். அவன் தவழ்ந்தது, தூங்கியது, எழுத்துப் படித்தது எல்லாம் அந்த மூலையில்தான். இன்றைக்கும் அந்த மூலையின் சுவர்ப் பலகையில் அவன் பென்சிலால் கிறுக்கிய பூனை ஒன்று இருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவனிடம் சண்டை போட்டு அதைக் காப்பாற்றியவள் அக்கா.

சண்டை என்றால் சண்டை. எனக்கே மூக்கின் மேல் கோபம் என்பார்கள், அக்காவோ எனக்கு வாத்தியார். அவளுக்குப் பிடிக்காத ஒரே விஷயம், லிஃப்டைக் கூப்பிடும் பெல்லை இரண்டு தடவை அடிப்பது. ஆறாவது மாடியிலிருந்தே குரல் இறங்கி வரும்.

"யாருப்பா அது, ஒரு தடவை அடிச்சா போதாதா? நான் செவிடா, இல்ல லிஃப்ட் செவிடா? பறந்து வர்றதுக்கு எனக்கென்ன இறக்கையா இருக்கு?"

கட்டடத்தில் அவளுக்கு சைரன் என்று பட்டப்பெயர். அவள் காதுபட யாரும் சொல்வதில்லை. அவ்வளவு பயம்.

கொஞ்ச நாளாக ஒரு புது வேடிக்கை நடந்தது. முன்பின் தெரியாத பிள்ளைகள் வந்தார்கள். எந்த ஆபீசுக்கும் போவதில்லை. பெல்லை இரண்டு தடவை அடிப்பார்கள், அக்கா இறங்கி வந்து கிழிகிழியென்று கிழிப்பாள், அவர்களோ வாயெல்லாம் பல்லாக நின்று வாங்கிக்கொள்வார்கள். ஒரு மாடி போய்த் திரும்பி இறங்கிவிடுவார்கள். ஏதோ வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு இந்த வீடியோ பார்க்கிற பழக்கம் கிடையாது. ஊரான் போன்களைப் பகலெல்லாம் நோண்டுகிறவளுக்குத் தன் போனைத் தொடவே வெறுப்பாக இருக்கும். அக்காவோ பூரித்துப் போயிருந்தாள்.

"பாத்தியாடி, இப்பல்லாம் ஜனங்க எவ்வளவு மாறிட்டாங்க! முன்னெல்லாம் நான் திட்டினா மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாங்க. இப்ப என்ன மரியாதையா சிரிக்கிறாங்க! ஒரு பொண்ணு என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிச்சு."

"உன் அழகுல மயங்கிட்டாங்க போல."

"போடி, வாயாடி!" என்று அவள் கொண்டையைச் சரிசெய்து கொண்டாள்.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரம். அக்கா போனை என் மேசையில் போட்டாள்.

"இதுக்கு என்ன கேடு வந்துச்சுன்னு பாரு. எல்லார் போன்லயும் வீடியோ தானா ஓடுது. நாலாவது மாடி டைப்பிஸ்ட் பொண்ணு விரலைக்கூட அசைக்கறதில்ல, படம் பாட்டுக்கு ஓடுது. என்னோடது மட்டும் செத்த பிணமாட்டம் அப்படியே கிடக்குது. ஒவ்வொண்ணையும் குத்திக் குத்தி விரல் தேஞ்சு போச்சு."

"வாங்கினதுல இருந்தே இப்படியா?"

"ஆமா. என் பிள்ளைதான் வாங்கிக் கொடுத்து எல்லாம் போட்டுக் கொடுத்தான். கேட்டா, 'தானா ஓடினா டேட்டா தீந்துடும்மா, உனக்குத்தான் நஷ்டம்'னான். எனக்காக எவ்வளவு யோசிக்கிறான் பாரு. அவன்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டா தொந்தரவு. நீயே பாத்துடு."

இதெல்லாம் ஒரு ரிப்பேரா? முதலில் பேட்டரி சேமிப்பு போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. போனின் டேட்டா சேமிப்பு? அதுவும் இல்லை. அப்படியானால் செயலிக்குள்தான் இருக்க வேண்டும். அமைப்புகளில் உள்ளே போய், அதற்குள்ளும் உள்ளே போய்ப் பார்த்தால், 'வீடியோக்கள் தானாக ஓடட்டுமா' என்ற இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்று குறிக்கப்பட்டிருந்தது. டேட்டாவுக்குப் பயந்தவன் வைஃபையில் மட்டும் ஓடட்டும் என்று வைத்திருப்பான். எட்டு மாடியிலும் வைஃபை இருக்கிறது. இவன் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியிருந்தான். பையன் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு, 'எப்போதும்' என்பதைத் தொட்டேன்.

"இந்தா. இனிமே உன் விரலுக்கு ஓய்வு."

அக்கா குழந்தை மாதிரி போனை இரண்டு கையாலும் வாங்கினாள். முக்காலியை என் பொந்து வாசலுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பூனை வீடியோ தானாக ஓடியது. "அடடா!" என்றாள். யாரோ ஒருவர் மரம் அறுக்கும் வீடியோ ஓடியது. அதற்கும் "அடடா!" விரலால் தள்ளினாள். சிவப்பாக வரைந்த ஒரு கதவுப் படம் வந்தது.

"இது ஓயாம வரும். ஏதோ கதவு விளம்பரம். நான் குத்தறதே இல்ல, தள்ளி விட்டுடுவேன்."

தள்ளுவதற்குள் அது ஓட ஆரம்பித்தது. சிவப்புக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நான் செவிடா, இல்ல லிஃப்ட் செவிடா?"

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. போனில் அக்கா, அதே முக்காலி, அதே பித்தளைக் கைப்பிடி. அவள் தலைக்கு மேலே சைரன் விளக்கு ஒன்றை வரைந்து சுழல விட்டிருந்தார்கள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு கூட்டமே கெக்கெக்கே என்று சிரித்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே இருந்த எண்ணிக்கையைப் பார்த்தேன். எங்கள் ஊர் ஜனத்தொகையை விட அதிகம்.

அக்கா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு, நம்பினால் நம்புங்கள், சிரித்தாள்.

"அடி, நான்தாண்டி! அந்தப் பசங்க எடுத்திருக்காங்க பாரேன், படவாப் பசங்க! அதான் இளிச்சுக்கிட்டு நின்னானுங்களா! கொண்டையப் பாரு, கோணலா இருக்கு."

அவள் சிரித்ததால் எனக்கும் மூச்சு வந்தது. சரி, பிடித்துத்தான் இருக்கிறது போல என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் போனைப் பிடுங்கி அணைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. தானாக ஓட வைத்த வீடியோ ஒன்றோடு நிற்காது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானே ஆரம்பிக்கும். அதே சிவப்புக் கதவோடு ஆரம்பித்தது.

இது லிஃப்ட் இல்லை. ஒரு சமையலறை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு ஆள் படம். அதன் முன்னால் அக்கா. முதுகு மட்டும் தெரிந்தது. படம் எடுத்தவர் கதவுக்குப் பின்னால் நின்று எடுத்திருக்கிறார்.

"இன்னைக்கு முட்டி ரொம்ப வலிங்க," என்று அந்த அக்கா சுவரில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "முக்காலியில இருந்து எந்திரிக்கவே முடியல. பிள்ளைகிட்ட சொல்லல. பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை. நீங்க இருந்திருந்தா உங்ககிட்ட காலை நீட்டிட்டு உக்காந்திருப்பேன்."

பின்னால் அதே கெக்கெக்கே. படத்தில் இருந்தவருக்கு அசையும் வாய் ஒன்று ஒட்டி, 'ஆளை விடும்மா, செத்தும் நிம்மதி இல்லையா' என்று பேச வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டில் இருப்பது அக்காவும் அவள் மகனும் மட்டும்.

பாய்ந்து போனைப் பிடுங்கி அணைத்தேன். அக்காவின் கை போன் பிடித்த மாதிரியே அந்தரத்தில் நின்றது. கத்துவாள் என்று பார்த்தேன், அழுவாள் என்று பார்த்தேன். மேலே யாரோ பெல் அடித்தார்கள். இரண்டு தடவை அடித்தார்கள்.

"கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "காத்துன்னு நினைச்சேன்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் லிஃப்டில் போட்டாள். இரண்டு கம்பிக் கதவையும் சாத்தினாள். லிஃப்ட் ஏறியது. குரல் மட்டும் வரவில்லை. ஆறாவது மாடிக்காரர் திட்டு வாங்காமல் கீழே வந்து, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவள் யாரையும் திட்டவில்லை. பெல்லை இரண்டு தடவை அடித்தார்கள், நாலு தடவை அடித்தார்கள். வந்தாள், கதவைத் திறந்தாள், "எந்த மாடிங்க?" என்றாள், கொண்டுபோய் விட்டாள். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். ஒருத்தன் என்னிடமே வந்து, "இவங்கதானே அவங்க? இன்னைக்கு ஏன் ஒண்ணும் பேசல?" என்று கேட்டான். அவனை நான் திட்டிய திட்டில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான்.

அந்த வாரக் கடைசியில் அக்காவின் மகன் வந்தான். நேராக என் பொந்துக்குத்தான் வந்தான்.

"அக்கா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? சமைக்கிறாங்க, சாப்பாடு போடறாங்க, வாயே திறக்க மாட்டேங்கறாங்க. அப்பா படத்தையும் சுவத்துல இருந்து எடுத்துட்டாங்க. எங்க வச்சாங்கன்னு தெரியல. அவங்க போன்ல இப்ப வீடியோ தானா ஓடுது, நீங்கதான் மாத்தினீங்களா?"

"ஆமாண்டா, மாத்தினேன். நீ சாத்தி வச்சிருந்த கதவைத் திறந்து விட்டேன். உங்கம்மா பாத்தா. ரெண்டையும் பாத்தா."

திருட்டு முழி முழித்தான். பிறகு வாய் வந்தது.

"சும்மா ஜாலிக்குத்தான் போட்டேன். ஊரே அவங்களை ரசிக்குது, தெரியுமா? எவ்வளவு பேருக்கு அவங்கன்னா உசுரு! நான் என்ன கெட்டதா பண்ணிட்டேன்?"

"அப்ப ஏண்டா அவ கண்ணுல படாம மறைச்சே? ரசிக்கறதுன்னா அவளும் சேர்ந்து ரசிச்சிருக்கலாமே! முட்டி வலிக்குதுன்னு அவ உங்கிட்ட சொல்லல. நீ கதவுக்குப் பின்னால நின்னு கேட்டே. கேட்டுட்டு என்னடா செஞ்சே? மருந்து வாங்கினியா? சிரிப்புச் சத்தம் தேடிப் போய் ஒட்டினே! உங்கப்பன் வாயில..."

அவன் முகம் சுண்டிப் போனது. அங்கேயே நின்று போனை எடுத்து எதையெல்லாமோ அழித்தான். "எல்லாத்தையும் எடுத்துட்டேன்," என்றான். எடுத்தால் போய்விடுமா? அதற்குள் எத்தனை பேர் போனில் ஏறியிருக்கும், எனக்குத் தெரியாதா?

லிஃப்ட் கீழே வந்தது. அவன் போய் நின்றான். அக்கா இரண்டு கதவையும் திறந்தாள். இவனைப் பார்த்தாள். லிஃப்டில் இருந்தவர்கள் இறங்கினார்கள். இவன் உள்ளே காலை வைத்தான்.

"எந்த மாடிங்க?"

ஏதோ கேலிக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் முகத்தில் கேலி இல்லை. கோபமும் இல்லை. வக்கீலைக் கேட்பது போலவே கேட்டாள். நான் இங்கே வந்த நாளிலிருந்து அவனை அவள் வாடா, போடா, என் ராசா என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன்.

"அம்மா..."

"மாடியச் சொல்லுங்க. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அவனால் எந்த மாடியையும் சொல்ல முடியவில்லை. பின்வாங்கி வெளியே வந்தான். ஆட்கள் ஏறினார்கள். கதவு மூடியது. மூலையில் அவன் கிறுக்கிய பூனையும் அவர்கள் காலுக்குப் பின்னால் மேலே போய்விட்டது.

அவன் போகவில்லை. கொஞ்ச நேரம் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் பெல்லை அடித்தான். உடனே இன்னொரு தடவை அடித்தான். மறுபடி அடித்தான். ஒரு வசவு விழுந்தால் போதும், அவனுக்கு உயிர் வந்துவிடும். மேலே அண்ணாந்து பார்த்து, "திட்டும்மா," என்றான். அவன் அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் விளக்கை அணைத்தேன்.

மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. லிஃப்ட் மட்டும் வழக்கம்போல இறங்கி வந்தது. தரையும் தரையும் ஒட்ட நின்றது. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு கதவைத் திறந்தாள், இன்னொரு கதவையும் திறந்தாள்.

"எந்த மாடிங்க?"