மாதேஸ்வரியின் தோளுக்கு ஒரு சேசிஸ்

ஓசூரில் சேசிஸ் என்றால் லாரிக்கு அடியில் இருப்பது. துப்பாக்கிக்கும் சேசிஸ் உண்டு என்று ஆளாளுக்கு விளக்கியே மாதேஸ்வரி அலுத்துப் போனாள். குழலும் விசையும் உட்காருகிற உடம்புதான் அது. பழைய ரைஃபிள்களில் மரக்கட்டை, இப்போது அலுமினியம்.

மத்தூர்ப் பக்கம் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண் அவள். கிருஷ்ணகிரியில் கல்லூரி படித்தபோது என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளைத் தொட்டவள், அப்புறம் விடவே இல்லை. சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. அடுத்தவன் செய்த பாகத்தை அளந்து, தலைமுடி அளவு பிசகினாலும் ஒதுக்கிவிடுவாள். ஞாயிறானால் ரைஃபிள் கிளப்பில் குப்புறப் படுத்து ஐம்பது மீட்டர் சுடுவாள்.

கிளப் துப்பாக்கியின் மரக்கட்டை ஆறடி ஆளுக்குச் செய்தது. இவள் ஐந்தடியைத் தொட்டும் தொடாமலும் இருந்தாள். கழுத்தை எக்கினால்தான் கண் குறிக்கு எட்டும். எக்கினால் வலிக்கும், வலித்தால் குறி ஆடும். மழை முடிந்ததும் மாநில அணிக்குத் தேர்வு. குழந்தை உண்டாவதற்கான வைத்தியத்தை அவளும் கணவனும் அதுவரை தள்ளிப் போட்டிருந்தார்கள். இந்த முறை விட்டால் இனி இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

வெளிநாட்டு சேசிஸுக்கு ஆனை விலை குதிரை விலை சொன்னார்கள், சுங்கவரி தனி. பெங்களூரில் ஒருவர் பழையதை விற்கிறார் என்று அத்திப்பள்ளி நெரிசலில் அரை நாள் நின்று போனால், அது வேறு கம்பெனி ரைஃபிளுக்கானது. சென்னையில் கிடைத்தது இடது கைக்காரருடையது. வயிற்றெரிச்சலோடு வந்து உட்கார்ந்தவளிடம் கணவன் பிரேம்குமார்தான் வழி சொன்னான். அவன் ஒரு டூல் ரூமில் உலோகம் கடையும் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவன்.

"நம்மூர்லயே அடிச்சிடலாம் மாதேசு. முன்ன பின்ன நகர்ற பார்ட்டுதான் காசு. ஒரே ஆளுக்கு எதுக்கு அட்ஜஸ்ட்மென்ட்டு? உன் அளவு எடுத்து ஒரே பீஸா போட்டுடலாம்."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. கிளப்பில் அனுமதி கேட்டார்கள். சேசிஸைச் செய்து கொண்டு வரலாம், ரைஃபிள் மட்டும் கிளப் வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். அதனால் ரைஃபிளின் அளவை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். மாதேஸ்வரியின் அளவை ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் கோவிந்தப்பன் முன்னிலையில், ஷிப்ட் முடிந்து வந்த சுடிதாரோடு அவளை நிற்க வைத்து எடுத்தார்கள். முழங்கை முதல் விரல் வரை, தோள் முதல் கன்னம் வரை. வெர்னியர் அளவுகோலைப் பிடித்து எண்ணைச் சொன்னதே அவள்தான்.

கம்பெனி ஆர்டர்கள் முந்திக்கொண்டதால் பட்டறையில் இவள் வேலை கடைசிக்குப் போனது. கேட்கும்போதெல்லாம் கோவிந்தப்பன், "பர்வாலேதும்மா, டைமுக்குத் தந்துடறேன்" என்பார். தேர்வுக்கு முந்தின நாள் மாலைதான் தந்தார். மாதேஸ்வரி ஒவ்வோர் அளவாகச் சரிபார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பல வருஷமாகப் பாகங்களைப் பார்க்கிறவள், இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்று வாய்விட்டே சொன்னாள்.

தேர்வும் அதே கிளப்பில்தான். மறுநாள் காலை அங்கே ரைஃபிளை அதில் பூட்டினார்கள். அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. வழக்கம்போல் சுடும்போது போடுகிற தடித்த கேன்வாஸ் கோட்டை மாட்டி, பட்டன் போட்டு, பாயில் குப்புறப் படுத்துத் தோளில் வைத்தாள். கண் குறிக்கு எட்டவில்லை.

அளவு எடுத்தபோது போடாத கோட்டின் தடிமன் ஒரு பக்கம். படுத்தால் தோளும் கழுத்தும் வேறு இடத்துக்குப் போய்விடுவது இன்னொரு பக்கம். எந்தப் பாகத்தையும் வேலை செய்கிற நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள். தன்னை மட்டும் அப்படி அளக்கத் தோன்றவில்லை. நகர்த்தலாம் என்றால் நகர்வதற்கு அதில் எதுவும் இல்லை. மரக்கட்டைக்கு மாற்றினால் குறியை முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும், அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கழுத்தை எக்கி எக்கியே சுட்டாள். பாதியில் கண்ணில் நீர் கட்டியது, வலியாலா ஆத்திரத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

வண்டி ஸ்டாண்டில் பிரேம்குமார் மெதுவாகச் சொன்னான். "அடுத்த தடவ அட்ஜஸ்ட்மென்ட் வெச்சிடலாம், மாதேசு."

"எந்த அடுத்த தடவைங்க?" என்றாள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

அப்போதுதான் கோவிந்தப்பன் போன் செய்தார். ஆவலாகக் கேட்டார். "என்னாம்மா, அளவு எப்படி? எங்கயாச்சும் பிசகிச்சா?"

"ஒரு நூல் பிசகலீங்கண்ணா" என்றாள் மாதேஸ்வரி. "நீங்க எதுனா தப்புப் பண்ணியிருந்தா ஒருவேள எனக்குப் பொருந்தியிருக்கும்."