தொண்ணூறில் ஒரு கோடு

அலுவலக வேலையாக அமெரிக்கா போன என் கணவர் எனக்கு வாங்கி வந்தது சென்ட் இல்லை, கைப்பை இல்லை. வரைபடம் போடும் கால்குலேட்டர். அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கணக்கு சொல்லிக்கொடுப்பவளுக்கு வேறென்ன வேண்டும் என்று அவருக்கு ஏகப் பெருமை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாக வைத்து அரை மணி நேரம் இழுக்க வேண்டிய வளைவை அது கண்ணெதிரே போட்டுவிடும். ஓர் எண்ணை மாற்றினால் வளைவும் மாறும். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பேட்டரியைத் தின்று தீர்க்கும். கோணம் டிகிரியிலா ரேடியனிலா என்று சொல்ல மறந்தால் சைன் வளைவைத் தட்டையாகப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அது புரிவதற்குள் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழ்.

எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சல் டேன் வளைவு. தொண்ணூறு டிகிரியை நெருங்கும்போது அது மேலே போய் மறைந்துவிடும்; தொண்ணூறைத் தாண்டியதும் அடியிலிருந்து மறுபடி கிளம்பும். நடுவில் ஒன்றும் கிடையாது. இந்த மெஷினோ அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்து நெட்டுக்குத்தாக ஒரு கோடு இழுத்துவிடும். சரி, தொண்ணூறில் மதிப்பு என்ன என்று கேட்டால் 'எரர்' என்று காட்டும். அதற்கு இரட்டை நாக்கு.

அப்போது நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள், ஜூனில் கூப்பிடுவார்கள். ஒருவழியாக நிரந்தர இடம் ஒன்று காலியானது. மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு பார்க்க, மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். என் கெட்ட நேரம், கொடுத்த பாடம் டேன் வளைவு.

"சாக்பீஸ் எல்லாரும்தான் பிடிப்பா. நீ இதை எடுத்துண்டு போ," என்றார் கணவர்.

"ஏன்னா, அது தப்பா கோடு போடறதே?"

"அதை யார் கவனிக்கப் போறா?"

கவனித்தார்கள். பெஞ்ச் பெஞ்சாகக் கைமாறிய கால்குலேட்டர் கடைசியில் குழுத் தலைவரிடம் போய்ச் சேர்ந்தது.

"என்னம்மா, தொண்ணூறுல கோடு வந்திருக்கே?"

"அது வளைவுல சேராது சார். மெஷின் தானா போடறது."

"பசங்க பரீட்சையில இப்படி வரைஞ்சா மார்க் போடுவீங்களா?"

"மாட்டேன் சார்."

அதற்குப் பிறகு நான் கரும்பலகையில் மூச்சுவிடாமல் விளக்கியதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. மணி அடிக்கும்வரை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் போல இருந்தது.

எனக்கு அடுத்துப் பாடம் நடத்தியவரை வராந்தாவிலிருந்து பார்த்தேன். கையில் சாக்பீஸ் மட்டும். தொண்ணூறு வந்ததும் கையை எடுத்தார். கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பித்தார். அவ்வளவுதான். வேலை அவருக்குக் கிடைத்தது.

ஜூனில் நான் அதே கல்லூரிக்குத் தற்காலிகமாகவே திரும்பினேன். முதல் வாரத்திலேயே அவர் என் மேஜைக்கு வந்தார். குழுத் தலைவர் அவருடைய வகுப்பைப் பார்க்க வருகிறாராம்.

"மேடம், உங்க கால்குலேட்டரை ஒருநாள் தர முடியுமா? டேன் எடுக்கணும். நான் இதையெல்லாம் தொட்டதே இல்ல."

"தாராளமா எடுத்துக்கோங்கோ," என்றேன்.

புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். எதை அமுக்கினால் என்ன வரும் என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தேன். அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.