நீலப்பொழுது அமலும் ஒரு மரண அறிவித்தலும்

அமலதாஸ் என்று சொன்னால் கண்டியில் யாருக்கும் தெரியாது, 'நீலப்பொழுது அமல்' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும் என்பது அவருடைய எண்ணம். உண்மையில் எப்படிச் சொன்னாலும் பெரிதாக யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருடைய குரலை ஏற்றியும் இறக்கியும் காற்றில் விட்டவள் நான்தான். என் பெயர் ஷிரோமி, வீடு மஹய்யாவ.

எங்கள் வானொலி சின்னது. குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். காலையில் பக்திப் பாடல், பிறகு பிறந்தநாள் வாழ்த்து, மத்தியானம் சினிமாப் பாட்டு, ஒவ்வொரு மணித்தியாலத் தொடக்கத்திலும் மரண அறிவித்தல். மலையகம் முழுவதும் கேட்கும் என்று விளம்பரம் செய்வோம். கலஹாவைத் தாண்டிக் கேட்டாலே அதிகம்.

அமலதாஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞர். கோப்புகளுக்கு இலக்கம் போடுகிற வேலை. ஓய்வுபெற்றுப் போன ஒரு விரிவுரையாளர் அறையைக் காலி செய்தபோது வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு பெட்டி இசைத்தட்டு இவர் கையில் சிக்கியது. அதோடு ஆளே மாறிவிட்டார். எங்கள் வானொலியில் ஞாயிறு மூன்று மணிக்குப் பழைய அமெரிக்கப் பாட்டுப் போடுகிற 'நீலப்பொழுது' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். கறுப்புத் தொப்பி வாங்கினார். வானொலியில் தொப்பி யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் அது இல்லாமல் மைக்கின் முன்னால் உட்கார மாட்டார்.

ஒவ்வொரு வாரமும் ஒரு கரு எடுப்பார். ஒரு வாரம் ரயில், ஒரு வாரம் வெள்ளம், ஒரு வாரம் சிறை. அந்தக் கருவை நாட்டார் பாடலில் தொடங்கி, புளூஸில் அழுது, ஐம்பதுகளின் ரொக்கில் ஆடி முடிப்பார். மூன்று நிமிடப் பாட்டுக்கு எட்டு நிமிட முன்னுரை. பருத்திக் காட்டில் முதுகு வளைந்தவர்களின் வலியை அவரே அனுபவித்ததுபோல் பேசுவார். இடையில் தொண்டை கம்மும். அதற்காகவே ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருப்பார். குரல் நல்ல குரல்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் குரலில் விலைப்பட்டியலை வாசித்தாலும் கேட்கலாம்.

ஒருமுறை தெல்தோட்டையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். வேலைப் பாட்டு என்று ஒரு வாரம் வைத்து, பருத்திப் பாட்டோடு நம்முடைய தேயிலைக் கொழுந்தெடுக்கிற பாட்டையும் போடலாமே என்று கேட்டிருந்தார். நல்ல யோசனையாகவே எனக்குப் பட்டது. அமல் அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, அதையெல்லாம் இசை என்று சொல்ல முடியாது, வெறும் சத்தம் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு மைக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பேன். சம்பளம் நினைவுக்கு வந்ததால் போகவில்லை.

எந்த ஊர் என்று யாராவது கேட்டால், கண்டி டவுன் என்பார். தாத்தா கண்டியில் கிராமபோன் கடை வைத்திருந்தாராம். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவரைப் பேட்டி கண்டபோது அந்தக் கடைக்கு இரண்டு கண்ணாடி அலுமாரிகளும் ஒரு வெள்ளைக்கார வாடிக்கையாளரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அப்போதே சந்தேகம். ஒரு மழை நாளில் அவருடைய கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. நாங்கள் உப்புக்கு ஓடினோம். அவர் பேச்சை நிறுத்தாமலே நகத்தால் சுண்டி, விரலில் உருட்டி வெளியே எறிந்தார். டவுனில் பிறந்தவர்கள் அட்டையை அப்படி எடுக்க மாட்டார்கள்.

மரண அறிவித்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு சட்டத்தைத்தான் எல்லோரும் மதிப்போம். அனுப்பியதை அனுப்பியபடியே வாசிக்க வேண்டும், உறவுகளில் ஒரு பெயர்கூட விடுபடக்கூடாது. முன்பு ஒருமுறை இரண்டாவது மருமகனின் பெயர் தவறிப்போய், ஒரு வேன் நிறைய ஆட்கள் மூன்றாம் மாடி ஏறி வந்தார்கள். அடுத்த மணித்தியாலத்தில் திருத்தி வாசிக்கும்வரை அந்த மருமகன் பிரேதத்தின் பக்கமே போகவில்லையாம். இந்த ஊரில் அண்ணன் தம்பிக்குள் தீராத பகை வந்தால் முதலில் வெட்டுவது அறிவித்தலில் உள்ள பெயரைத்தான். பெயர் விட்டால் உறவு விட்டது என்று அர்த்தம். இது தேயிலைத் தோட்டத்துச் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நவம்பர் மாதம் கத்தோலிக்கர்களான எங்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் மாதம். நீலப்பொழுதின் நூறாவது நிகழ்ச்சி சரியாக அந்த மாதத்தில் வந்தது. கரு, கல்லறைகள். அமலின் ரசிகர் வட்டம் என்று ஓர் எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் இரண்டு விரிவுரையாளர்கள், ஒரு டொக்டர், ஒரு நகைக்கடை முதலாளி. எட்டுப் பேரும் அன்று நேரிலே வந்து வெளியறையில் கேக்கும் பற்றிஸும் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அமல் மனநிலை கெடும் என்று காலையிலேயே தன்னுடைய கைத்தொலைபேசியை அணைத்துவிட்டார்.

மூன்று மணி அறிவித்தலுக்கு அன்று ஒன்றே ஒன்று வந்திருந்தது. மூன்று மணிக்கு யார் மைக்கில் இருக்கிறாரோ அவர்தான் வாசிக்க வேண்டும். நான் அதை அச்சடித்து எடுக்கும்போதே படித்தேன்.

'கலஹா, பெரியமலைத் தோட்டம், மூன்றாம் இலக்க லயத்தைச் சேர்ந்தவரும், தேயிலைத் தொழிற்சாலையின் முன்னாள் ஊழியருமான ஸ்ரனிஸ்லாஸ் அவர்கள் இன்று காலை காலமானார். அன்னார், காலஞ்சென்றவர்களான அந்தோனிமுத்து, மரியாயி தம்பதியரின் மூத்த மகனும், ஜெயராணியின் அன்புக் கணவரும், எஸ்ரன், லோஜினி ஆகியோரின் பாசமிகு தந்தையும், நீலப்பொழுது புகழ் அமலதாஸ் அவர்களின் அன்பு அண்ணனும் ஆவார்.'

நீலப்பொழுது புகழ். ரசிகர் வட்டம்கூட அவரை அப்படி எழுதியதில்லை. நான் தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் வாசித்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த ஒரு நிமிடம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் போங்கள், நான் சினிமாப் பாட்டுப் போட்டுச் சமாளிக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் பற்றிஸ் தின்றுகொண்டிருந்த எட்டுப் பேரையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கடைசி வரியை வெட்டினார்.

"அது வீட்டு ஆளுங்க அனுப்பினது, சார். விட ஏலாது," என்றேன்.

"நான்தானே வாசிக்கப்போறேன், ஷிரோமி."

வாசித்தார். தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தின் இலக்கம்கூடப் பிசகாமல், தெரியாத ஒருவருடைய சாவை வாசிப்பதுபோல அழகாக வாசித்து, 'பாசமிகு தந்தையும் ஆவார்' என்று முடித்தார். உடனே நூறாவது நிகழ்ச்சி தொடங்கியது. முதல் பாட்டு, தம்பி ஒருவன் அண்ணனைப் புதைத்துவிட்டுத் திரும்புவதைப் பற்றியது. போன வாரமே தெரிந்தெடுத்து வைத்திருந்தார். அதை மாற்றவாவது தோன்றியிருக்க வேண்டாமா? பாட்டில் பெயரில்லாத கல்லறையில் கிடக்கும் அமெரிக்கத் தொழிலாளிக்காக இவர் விம்மினார். அன்றைக்குத் தண்ணீர் கிளாஸ் தேவைப்படவில்லை, கண்ணீர் நிஜமாகவே வந்தது. வெளியறையில் டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அது இசையின் மகிமை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றேகாலுக்கு நிலையத்துத் தொலைபேசி அடித்தது. செத்தவரின் மகன் எஸ்ரன். குரலில் கோபமே இல்லை. சித்தப்பா பெயர் விடுபட்டுவிட்டது, அவசரத்தில் நடந்திருக்கும், நாலு மணிக்குத் திருத்தி வாசிக்க முடியுமா என்று கேட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த நிகழ்ச்சியைக் கேட்பாராம். இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் புரியாதாம். தம்பி பேசுகிறான் என்று சொல்லி மற்றவர்களை வாய் திறக்க விடமாட்டாராம்.

பாட்டு ஓடுகிற நேரத்தில் உள்ளே போய் அமலிடம் சொன்னேன். நாலு மணிக்குள் ரசிகர் வட்டம் போய்விடும், அப்போது நானே வாசிக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒரு மனிதனுக்குத் தவறைத் திருத்த இதைவிட லேசான வழி கிடைக்காது. அவர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றவே இல்லை.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்னு சொல்லுங்க."

வானொலிக் கோளாறு என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சித்தப்பாவிடமே கேட்டேன் தம்பி, அப்படியே இருக்கட்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டேன். எஸ்ரன், சரிங்க அக்கா என்று சொல்லி வைத்துவிட்டார். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் செய்தேன் என்பது மட்டும் உண்மை.

மறுநாள் காலை அமலதாஸ் தொப்பியில்லாமல் நிலையத்துக்கு வந்தார். அடக்கத்துக்குப் போகிறேன், நீங்களும் வாங்க என்றார். துணைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து இரங்கிப் போனேன். கலஹா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நிலையத்தில் ஏதோ கோளாறு, தாளில் கடைசி வரி அச்சாகவில்லை என்று அவர் சொல்வாராம். நான் ஆமாம் போட வேண்டுமாம். சாட்சி சொல்லத்தான் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். அது அவருடைய முடிவுதான் என்று முந்தைய நாள் எஸ்ரனிடம் நான் சொல்லிவிட்டதை அவர் அறியவில்லை. நானும் சொல்லவில்லை. ஹிந்தகலை தாண்டும்வரை அந்தப் பொய்யை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றையும் அந்த நல்ல குரலில்தான்.

கலஹாவிலிருந்து ஓட்டோ. தோட்டத்துப் பாதையெல்லாம் வெள்ளைக் கொடி. லயத்து வாசலில் தறப்பாள் பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் உட்காரக் கதிரை அடுக்கியிருந்தார்கள். அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. எஸ்ரன் முன்னால் வந்து கை கூப்பினார்.

"வாங்க சார்," என்றார். நான் ரேடியோவிலிருந்து வருவதாகச் சொன்னதும் என்னைப் பார்த்து, "வாங்க அக்கா."

எங்களைக் கொண்டுபோய் தோட்டத்துக் கிளாக்கரும் வேறு இரண்டு வெளியாட்களும் இருந்த வரிசையில் உட்கார வைத்தார். லோஜினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். சாவு வீட்டில் தேத்தண்ணி குடிப்பவர்கள் வந்தவர்கள், கொண்டுவந்து கொடுப்பவர்கள் சொந்தக்காரர்கள். அமல் கோப்பையை வாங்காமல் எழுந்து, ரேடியோவில் ஒரு கோளாறு என்று தொடங்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சார். ஃபோன்ல அக்கா சொன்னாங்க," என்றார் எஸ்ரன். "ரேடியோவ அப்பா தலமாட்டுலதான் வச்சிருந்தோம். லயமே கேட்டுச்சு. திருத்துவாங்கன்னு நாலு மணிக்கும் வச்சுக் கேட்டோம். அப்புறம் அம்மாதான் சொன்னாங்க, அவரு இஷ்டப்படியே இருக்கட்டும்னு."

அவ்வளவுதான் பேச்சு. சண்டை வந்திருந்தால் அவருக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். சண்டை போடவும் உறவு வேண்டுமே. பெட்டியை மூடும்போது வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து முத்தமிட்டார்கள். அமல் இரண்டு அடி வைத்தார். ஜெயராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெட்டியின் ஓரத்தில் நின்றார். அவர் நகரவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. அமல் நின்ற இடத்திலேயே நின்றார். பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. எட்டாவது ஆளாகப் பக்கத்து லயத்து வீரையாவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கல்லறை தேயிலைக்கு நடுவில், சரிவில் இருந்தது. உபதேசியார் செபம் சொல்லி முடித்து, மண் போடக் கூப்பிட்டார். முதலில் குடும்பம். எஸ்ரன், லோஜினி, ஜெயராணி. அடுத்து உறவுக்காரர்கள். அடுத்து தோட்டத்து ஆட்கள், கூட்டமாக, வெகுநேரம். அமல் கையில் ஒரு பிடி மண்ணோடு ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தார். உபதேசியார் அவரைக் கூப்பிடவில்லை. கடைசியாக, வெளியிலிருந்து வந்தவர்களும் போடலாம் என்றார்.

கிளாக்கர் போட்டார். பிறகு நான். ஸ்ரனிஸ்லாஸ் என்ற அந்த மனிதரை நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கு அடுத்ததாக நின்று அவருடைய தம்பி மண் போட்டார்.