ஸ்பீக்கர் கிழியவில்லை

வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த பிறகு பெரிய பெரிய மைதானங்களில் ராக் கச்சேரி கேட்டிருக்கிறேன். கிதார்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததுமே கூட வந்தவர்கள் "என்ன ஸ்பீடு, என்ன ஸ்பீடு!" என்று குதிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வேகத்துக்கு விரல் இருந்தால் போதாதா? நான் கேட்டதிலேயே பெரிய வாசிப்பு ஒரத்தநாடு பக்கம், எங்கள் மாதா கோயில் மைதானத்தில், ஒரு சாயங்காலம் நடந்தது. வாசித்தது என் அண்ணன்.

அண்ணனுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்குத் திருவிழா கலைநிகழ்ச்சி, வியாழக்கிழமை விமானம். அங்கே ஓர் அறையில் எட்டுப் பேராம், கிதாரைக் கொண்டுபோக வழியில்லை. போவதற்குள் அப்பா ஒரே ஒரு தடவை தன் வாசிப்பை முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அம்மா வீட்டில் வாசிக்க விடவில்லை என்று வயலில் மோட்டார் கொட்டகையில்தான் பழகுவான். அவன் கிதாரை எடுத்தால் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

"ஞாயித்துக்கெழம வர்றீங்களாப்பா?" என்று கேட்டான்.

"பாப்போம்."

அவ்வளவுதான் பதில். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அப்பாவுக்குக் காபி கூடக் கொடுக்கவில்லை.

வந்தார். ஆனால் நாற்காலியில் உட்காராமல் கூட்டத்துக்குப் பின்னால், சவுண்ட் சர்வீஸ்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பாதியில் நழுவத்தான் அங்கே நிற்கிறார் என்று நினைத்து நானும் காவலுக்குப் போய் நின்றேன்.

அண்ணன் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். ரெண்டே ரெண்டு சுரம், நடுவில் நிறைய இடைவெளி. பிறகு கிதார் சத்தத்தை மாற்ற காலடியில் வைத்திருந்த சின்னப் பெட்டியை மிதித்தான். கிதாரின் குரல் கரகரத்து, தொண்டை கட்டியவர் அழுவது போல எழும்பியது.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக்செட் போட்டே பழகிய சவுண்ட்காரர் துள்ளி எழுந்தார். "ஐயையோ, ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு!" என்று கிதார் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டார்.

மேடையில் அண்ணன் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. அவன் நிறுத்தாமல் எங்கள் பக்கம் பார்த்தான். பாவி மனுஷா என்று சண்டைக்கு நான் வாயெடுப்பதற்குள் அப்பா சவுண்ட்காரர் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, ஏத்தி விடுங்க."

"ஐயா, கிழியுதுங்க!"

"கிழியலங்க. அந்த எடத்துல அது அப்படித்தான் அழுவும். இன்னும் ரெண்டு தடவ கீழ எறங்குவான், அப்பறம் மேல போவான். அதுக்குள்ள ஏத்தி விடுங்க."

மண்வெட்டியோடு போன மனிதர் இத்தனை மாதமும் கொட்டகைக்குப் பின்னால் வரப்பில் நின்று கேட்டிருக்கிறார்! ஒரு வார்த்தை சொன்னாரா யாரிடமாவது?

சத்தம் திரும்ப வந்தது. சவுண்ட்காரர் பெட்டியின் மேல் அப்பா கை இருப்பதை அண்ணன் பார்த்துவிட்டான். ரெண்டு தடவை கீழே இறங்கினான். மூன்றாவது தடவை மேலே ஏறி, கம்பியை விரலால் தள்ளி வளைத்து, அந்த ஒரே சுரத்திலேயே நின்றுவிட்டான். கூட வாசித்த டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். எத்தனை ஆயிரம் விளக்கு போட்டாலும் அப்படி ஒரு சுரத்தை நான் பிறகு கேட்டதில்லை.

முடித்து இறங்கி நேராக அப்பாவிடம்தான் வந்தான். அப்பா அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நேத்து அந்த எடத்துல இவ்வளவு நேரம் நிக்கலியேடா?"



"இன்னிக்கி விட மனசு வரலப்பா."